கயாக், கனூவுக்கு மாநிலப் பதிவுக் கட்டணம்: கட்டுவது நியாயம்தானா?

சயோட்டோக்கரை (கொலம்பஸ், ஓஹையோ)

வணக்கம் நண்பர்களே. பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி மாநிலத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வீட்டு கராஜில் நாலு படகு கிடக்கிறது. எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு கயாக், பையனுக்கு ஒரு சின்ன கயாக், ஊரிலிருந்து யாராவது வந்தால் எடுக்க ஒரு பழைய அலுமினிய கனூ. ஓஹையோவில் துடுப்புப் படகுக்கும் பதிவு உண்டு. ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாக, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 20 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். நாலையும் ஒரே நாளில் தண்ணீரில் இறக்கும் வழக்கமே எங்களுக்கு இல்லை.

காசு பெரிய விஷயமில்லை. இந்தக் கட்டணம் போடப்பட்டிருக்கும் விதம்தான் எனக்கு இடிக்கிறது. மோட்டார் வைத்த படகுக்கு எண் கொடுக்க வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். அது எல்லா மாநிலத்துக்கும் பொது. மோட்டார் இல்லாத படகை என்ன செய்வது என்பதை அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸிலும் கயாக்குக்குப் பதிவே கிடையாது. அயோவாவில் 13 அடிக்கு மேல் போனால்தான் பதிவு. ஓஹையோவில் பையனின் குட்டி கயாக்குக்கும் கட்ட வேண்டியிருக்கிறது.

திருட்டுப் போனால் கண்டுபிடிக்கப் பதிவு உதவும் என்பார்கள். 1972 நவம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் எந்தப் படகிலும் 12 எழுத்து எண் கொண்ட அடையாளக் குறியீடு பதிந்திருக்க வேண்டும். உங்கள் கயாக்கின் பின்முனையில் வலது பக்கம் பாருங்கள், பொறித்திருக்கும். அடையாளம் காண அது போதும்.

அப்படியானால் பணம் எதற்கு? நாங்கள் இறங்கும் இடங்களுக்கு அது வருகிறதா? உங்கள் மாநிலத்தில் எப்படி என்று சொல்லுங்கள்.

---

மீன்பிடி_மணி (மிச்சிகன்)

சகோ, நான் மோட்டார் படகு வைத்திருப்பவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் மாநிலத்தில் மோட்டார் இல்லாத சொந்தக் கயாக்குக்கும் கனூவுக்கும் பதிவு வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் கயாக்குக்கும் கட்டணம் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அப்படியே அடங்கிவிட்டது. ஆனால் சனிக்கிழமை காலையில் எந்தப் படகுத்துறைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். டிரெய்லரோடு நிற்பதற்காகக் கோடு போட்ட நீள இடத்தில், கூரையில் கயாக் கட்டிய சின்னக் கார் நிற்கும். கார்க்காரர் ஆற்றுக்குப் போய்விட்டார், சாயங்காலம்தான் வருவார். நான் டிரெய்லரோடு சாலையோரம் இடம் தேட வேண்டும்.

அந்தத் துறையைக் கட்டியது யார் காசு? நான் கட்டும் பதிவுக் கட்டணம், என் படகுக்குப் போடும் பெட்ரோல் மீதான வரி, என் தூண்டிலுக்கும் உருளைக்கும் 10 சதவீதம் கலால் வரி. 1950-ல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டம் மீன்பிடி சாமான்களின் வரியை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1984-ல் வாலப்-ப்ரோ திருத்தம் மோட்டார் படகு எரிபொருள் வரியையும் அதோடு சேர்த்தது. தூண்டில் போடாமல் துடுப்பு மட்டும் போடுகிறவர் இந்த நிதிக்குக் கொடுப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் துறை, கழிப்பறை, வண்டி நிறுத்தம் எல்லாம் அவருக்கும் திறந்தே இருக்கிறது.

கட்டணம் கேட்டால் கோபம் வருகிறது. கட்டாவிட்டால் கேட்கவும் உரிமை இருக்காது, அதை யோசித்துப் பாருங்கள்.

---

வாண்டுகளின்_அம்மா (பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா)

மணி அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று. கயாக்குக்கு கான்கிரீட் சாய்தளம் தேவையே இல்லை. கால் வழுக்காமல் இறங்கக் கொஞ்சம் சரளை போட்ட கரை, நாலைந்து கார் நிற்க இடம், இரண்டு படி இருந்தால் போதும். அந்த மாதிரி இடம் இல்லாததால்தான் நாங்கள் உங்கள் துறைக்கு வந்து நிற்கிறோம். தனியாக ஒரு சின்ன இறங்குதுறை போட்டுக் கொடுத்தால் உங்களுக்கும் இடைஞ்சல் தீரும்.

எங்கள் மாநிலத்தில் ஒரு நடு வழி வைத்திருக்கிறார்கள். மீன்-படகு ஆணையத்தின் துறையிலோ மாநிலப் பூங்கா ஏரியிலோ இறக்கினால்தான் பதிவோ, இறக்கும் பெர்மிட்டோ வேண்டும். நகராட்சி இடத்திலிருந்தோ தனியார் நிலத்திலிருந்தோ ஆற்றில் இறங்கினால் எதுவும் வேண்டாம். அதாவது அவர்கள் பராமரிக்கும் இடத்தைப் பயன்படுத்துவதற்குத்தான் கட்டணம். அந்த ஆணையத்துக்கு மாநிலப் பொது வரிப்பணம் வருவதில்லை, உரிமங்களும் கட்டணங்களும்தான் அதை நடத்துகின்றன. அது தெரிந்ததும் மனசு ஒப்பிக் கட்டுகிறேன்.

ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை. எந்தத் துறை யாருடையது என்று பலகையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வால்மார்ட்டில் 200 டாலருக்குள் ஒரு கயாக் வாங்கிக் கூரையில் கட்டிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு, முதல் நாளே அபராதம் வந்தால் இரண்டாம் முறை ஆற்றுப் பக்கம் வர மாட்டார்கள். கடையில் பில் போடும்போதே ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தால் போதும். இதைச் செய்ய ஏன் இத்தனை தயக்கம்?

---

ஏரிநாடன் (டுலூத், மினசோட்டா)

நான் கட்டணத்துக்கு ஆதரவு. ஏன் என்று சொல்கிறேன்.

மினசோட்டாவில் 10 அடிக்கு மேற்பட்ட கயாக், கனூ எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒன்று. அதோடு, வெளியிலிருந்து வந்து நீர்நிலைகளில் பரவும் அயல் உயிரினங்களைத் தடுக்கக் கூடுதல் கட்டணமும் சேரும். அதற்கு என்ன கிடைக்கிறது? 1963-லேயே இந்த மாநிலம் நீர்வழித்தடங்கள் என்று ஒரு அமைப்பைத் தொடங்கியது. இன்று 4,500 மைலுக்கு மேல் இருக்கிறது. ஆற்றங்கரையில் படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய முகாம் இடங்கள், எந்த மைலில் எந்தப் பாலம், எங்கே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று காட்டும் வரைபடங்கள், நீர்மட்டம் எவ்வளவு என்கிற அறிக்கை எல்லாம் கிடைக்கும். வெயில் காலத்தில் விழுந்த மரங்களை அறுத்து வழி திறந்துவிடுகிறார்கள். கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆற்றின் வளைவு ஒன்றில் திரும்பினால், சொன்ன இடத்தில் பலகையும் நெருப்பு வளையமும் மேசையும் இருக்கும். நான் கட்டிய காசு அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு சிக்கல் உண்டு. செயிண்ட் க்ராய் ஆறு மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் எல்லை. 1968-ல் காட்டாறுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது முதன்முதலில் சேர்த்த எட்டு ஆறுகளில் ஒன்று. அங்கே ஒரே மணல்திட்டில் இரண்டு பேர் கரை ஏறியிருப்பார்கள். மினசோட்டாக்காரர் கனூவில் ஸ்டிக்கர், விஸ்கான்சின்காரர் கனூவில் ஒன்றுமில்லை. விஸ்கான்சினில் துடுப்புப் படகுக்குப் பதிவு கேட்பதில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் உள்ள இடம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கும் கேள்வி உண்டு.

---

தேன்மொழி_இல்லினாய்

எங்கள் கதையைச் சொன்னால் உங்களுக்குத் தெளிவு கிடைக்கும். இல்லினாயில் முன்பு கயாக், கனூவுக்கும் முழுப் பதிவு இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு 6 டாலருக்கு ஆண்டு ஸ்டாம்ப் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அப்புறம் அந்த ஸ்டாம்பையும் கைவிட்டார்கள். ஆறுகள் அப்படியேதான் ஓடுகின்றன. அந்தக் கட்டணம் போனதால் நான் போகும் துறைகளில் எதுவும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. வந்தபோது எதுவும் கூடியதாகவும் தெரியவில்லை. அதுதான் விஷயமே.

அடிப்படையான ஒரு கேள்வியும் இருக்கிறது. 1787-ன் வடமேற்கு ஆணை என்று ஒன்று உண்டு. ஓஹையோ, இண்டியானா, இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் எல்லாம் அந்தப் பிரதேசத்திலிருந்து வந்த மாநிலங்கள், மினசோட்டாவின் ஒரு பகுதியும் சேர்த்து. மிசிசிப்பியிலும் செயிண்ட் லாரன்ஸிலும் போய்ச் சேரும், படகு போகக்கூடிய நீர்களெல்லாம் பொதுவழி, என்றென்றும் கட்டற்றது, அதற்கு வரியோ தீர்வையோ கிடையாது என்று அதில் எழுதியிருக்கிறது. விஸ்கான்சின் அதைத் தன் அரசியல் சாசனத்திலேயே ஒன்பதாம் பிரிவில் வைத்திருக்கிறது. எழுதியவர்கள் மனதில் இருந்தது தோல் வியாபாரிகளின் கனூக்கள். அப்படிப்பட்ட ஆற்றில் கனூவுக்கே ஸ்டிக்கர் கேட்பது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. சயோட்டோவும் ஓஹையோ ஆற்றில் கலந்து மிசிசிப்பிக்குத்தானே போகிறது?

---

சட்டப்படிப்பாளி (சிகாகோ)

தேன்மொழி, அந்த வரிகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் நீதிமன்றத்தில் அது அவ்வளவு தூரம் போகாது. 1886-ல் ஹ்யூஸ் எதிர் க்ளோவர் வழக்கு. உங்கள் இல்லினாய் ஆற்றில் மாநிலம் நீர்ப்பூட்டுகளும் தடுப்பணைகளும் கட்டிச் சுங்கம் வாங்கியது. பனிக்கட்டி வியாபாரிகள் இதே ஆணையைக் காட்டி வழக்குப் போட்டார்கள். ஆற்றை மேம்படுத்திக் கொடுத்ததற்காக வாங்கும் கட்டணம் வேறு, ஆற்றில் போவதற்கே போடும் வரி வேறு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் சுங்கத்தை அனுமதித்தது.

அந்தப் பிரிவினை நமக்கும் உதவும். ஏதாவது செய்து கொடுத்துவிட்டுக் கேட்டால் கட்டணம். எதுவும் செய்யாமல் கேட்டால், பெயர் என்னவாக இருந்தாலும், அது ஆற்றில் போவதற்கான வரி மாதிரிதான் ஆகிவிடுகிறது. இன்றைய பதிவுக் கட்டணங்களை நீதிமன்றம் இப்படிப் பார்க்கும் என்று நான் சொல்லவில்லை. சட்டமன்றத்தில் வாதாட இது நல்ல அளவுகோல் என்கிறேன்.

---

மீன்பிடி_மணி

> அந்தக் கட்டணம் போனதால் நான் போகும் துறைகளில் எதுவும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை

குறையவில்லை என்றால் அந்தச் செலவை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம், தங்கச்சி. அநேகமாக என்னைப் போன்றவர்கள்.

---

மழைநாட்டான் (போர்ட்லாந்து, ஆரிகன்)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் துறையையும் வண்டி நிறுத்தத்தையும் பேசுகிறீர்கள். மேற்கே எங்களுக்குப் பயமே வேறு. மஸ்ஸல் என்கிற சின்னச் சிப்பி.

ஸீப்ரா மஸ்ஸல் 1988-ல் மிச்சிகன் எல்லையில் செயிண்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் உறவான குவாகா 2007 ஜனவரியில் மேற்கே நெவாடா-அரிசோனா எல்லையிலுள்ள மீட் ஏரிக்கு வந்துவிட்டது. இரண்டும் கருங்கடல், காஸ்பியன் பக்கத்து உயிர்கள். நகக்கண் அளவுதான் இருக்கும். ஆனால் அணையின் குழாய், மின்நிலையத்தின் வடிகட்டி, பாசனக் கால்வாய் எதையும் விடாமல் அடை அடையாக அப்பிக்கொள்ளும். லார்வா கண்ணுக்கே தெரியாது. படகின் அடியில் தேங்கிய ஒரு கை தண்ணீர் போதும், அடுத்த ஏரிக்குப் பயணம் போய்விடும். கொலம்பியா ஆற்றுப் படுகைதான் இவை பரவாமல் மிஞ்சியிருந்த பெரிய படுகை. 2023 செப்டம்பரில் ஐடஹோவில் ட்வின் ஃபால்ஸ் அருகே ஸ்னேக் ஆற்றில் குவாகா லார்வா கண்டுபிடித்தார்கள். ஆற்றின் சில மைல் தூரத்தை மூடி, தாமிர மருந்தை ஊற்றினார்கள். நிறைய மீன்களும் சேர்ந்து செத்தன. ஸ்னேக் வந்து கலப்பது கொலம்பியாவில்தான்.

ஐடஹோ 2009-லிருந்தே துடுப்புப் படகுக்கும் ஸ்டிக்கர் வைத்தது, 7 டாலர். 10 அடிக்குக் குறைந்த காற்றடைக்கும் படகுக்கு மட்டும் விலக்கு. ஆரிகன் 2010-ல் தொடங்கியது. நெடுஞ்சாலையோரம் சோதனைச் சாவடி திறந்திருந்தால், கூரையில் ஒரு கயாக் இருந்தாலும் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். ஊழியர் வந்து இருக்கைக்கு அடியில், கால் மிதியின் தண்டவாளத்தில், வடிகால் மூடிக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஈரம் இருந்தால் துடைப்பார். போன ஏரி எது என்று கேட்பார். ஐந்து நிமிடம்தான். இந்த வேலைக்கு ஆள் வேண்டாமா, சம்பளம் வேண்டாமா?

சயோட்டோக்கரை கேட்ட இன்னொரு விஷயத்துக்கும் எங்களிடம் பதில் இருக்கிறது. 2020-ல் ஆரிகன் இதை நீர்வழிப் பயன்பாட்டு பெர்மிட் என்று மாற்றியது. தொடங்கியபோது 10 அடிக்கும் அதற்கு மேலும் உள்ள துடுப்புப் படகுகளுக்கு. அப்போது ஒரு வாரத்துக்கு 5 டாலர், ஓராண்டுக்கு 17, இரண்டாண்டுக்கு 30 என்று இருந்தது. அந்த பெர்மிட் படகோடு ஒட்டியதல்ல. இன்று கயாக், நாளை கனூ, எதில் போனாலும் அதுவே செல்லும். தண்ணீரில் ஒரு நேரத்தில் எத்தனை படகு இறங்குகிறதோ அத்தனை பெர்மிட் இருந்தால் போதும். கராஜில் தூங்கும் படகுக்குக் கட்ட வேண்டாம். பணம் இரண்டு நிதிகளுக்குப் போகிறது: ஒன்று மஸ்ஸல் மாதிரி அயல் உயிரினங்களைத் தடுக்க, இன்னொன்று துடுப்புப் படகுகள் இறங்கும் இடங்களுக்கு மானியம் கொடுக்க.

---

சயோட்டோக்கரை

மழைநாட்டான், எனக்கு வேண்டியது இதுதான்! படகுக்கு இல்லாமல் பயன்பாட்டுக்குக் கட்டணம். இதைக் கொஞ்சம் படித்துவிட்டு வருகிறேன்.

---

புதுத்துடுப்பு (சின்சினாட்டி)

நடுவில் ஒரு சின்ன உதவி. ஓஹையோவில்தான் பதிவு செய்தேன். 3 அங்குல எழுத்துகளைக் கயாக்கின் இரண்டு பக்கமும் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டிய வாரமே ஓரம் சுருண்டு உரிகிறது. என்ன செய்ய?

---

சயோட்டோக்கரை

அது பாலிஎத்திலீன், தம்பி. அதில் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. ஒட்டும் இடத்தை முதலில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, முடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடேற்றி, சூடு இருக்கும்போதே அழுத்தி ஒட்டுங்கள். ஒருநாள் தண்ணீர் படக் கூடாது. புதுப்பிக்கும்போது மாற்றுப் பதிவு என்று கேளுங்கள். ஐந்து டாலர் அளவுக்குக் கூடுதல்தான், ஆனால் எழுத்தே ஒட்ட வேண்டாம், ஸ்டிக்கர் மட்டும் போதும்.

---

ஆற்றுக்காவல் (தீயணைப்புத் தன்னார்வலர், ஓஹையோ)

நான் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் நீர்மீட்புக் குழுவில் இருக்கிறேன். பதிவு செய்தால் பாதுகாப்பு கூடும் என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஸ்டிக்கர் யாரையும் மிதக்க வைக்காது. கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2023-ல் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூழ்கி இறந்தவர்கள், அவர்களில் 87 சதவீதம் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். மோட்டார் படகுகளுக்கு அடுத்தபடி அதிகம் இறப்பது கயாக்கில். பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கயாக்கிலும் கனூவிலும் லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். உயிரைக் காப்பது அந்த மாதிரி விதிதான்.

ஆனால் ஆளில்லாமல் மிதந்து வரும் கயாக் இருக்கிறதே, அதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்துவது. ராத்திரி ஒருவர் பாலத்திலிருந்து பார்த்துவிட்டுக் கூப்பிடுவார். ஆள் விழுந்தாரா, கரையிலிருந்து வெள்ளம் இழுத்து வந்ததா என்று தெரியாது. தெரியாதவரை தேடித்தான் ஆக வேண்டும். வெள்ளத்தில், இருட்டில், எங்கள் பிள்ளைகளை இறக்கித் தேடுகிறோம். உள்ளே ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தால் ஒரே அழைப்பில் முடிந்துவிடும். கடலோரக் காவல்படையின் துணைப்படை இதற்கென்று ஸ்டிக்கரே கொடுக்கிறது, இலவசமாக. கண்டெடுத்தால் கூப்பிடுங்கள் என்று போட்டு உங்கள் எண்ணை எழுத இடம் விட்டிருக்கும். நீர் அழிக்காத பேனாவால் எழுதி உள்பக்கம் ஒட்டுங்கள். தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள். இதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம்.

கட்டணம் வாங்குவதானால் ஒரே ஒரு செலவை முதலில் செய்யச் சொல்லுவேன்: தடுப்பணை. ஆள் உயரம்கூட இல்லாத பழைய மில் தடுப்பணைகள்தான் இங்கே கொல்பவை. மேலேயிருந்து துடுப்புப் போட்டு வருகிறவருக்கு அணை தெரியாது. ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்து, அதற்கப்பால் மரங்களின் மேல்பாதி மட்டும் தெரியும். ஓசையும் கிட்டே வந்த பிறகுதான் கேட்கும். கீழே விழுந்த தண்ணீர் திரும்பி அணையை நோக்கியே சுழலும். கட்டையானாலும் ஆளானாலும் அதற்குள்ளேயே புரட்டிக்கொண்டிருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் வெளியே வருவது கடினம். அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கைப் பலகை, மிதவைக் கயிறு, கரையேறித் தூக்கி நடக்க ஒரு பாதை. இவ்வளவுதான் கேட்கிறோம்.

---

வாண்டுகளின்_அம்மா

படிக்கும்போதே வயிறு கலங்குகிறது அண்ணா. பிள்ளைகளின் படகில் எண் எழுதிவிட்டேன்.

---

ஏரிநாடன்

ஆற்றுக்காவல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அணையையே எடுப்பதும் நடக்கிறது. கொலம்பஸில் ஒலன்டாஞ்சி ஆற்றின் ஐந்தாம் அவென்யூ அணையை 2012-லும், சயோட்டோவின் மெயின் தெரு அணையை 2013-லும் எடுத்தார்கள். டேட்டனில் கிரேட் மயாமி ஆற்றில் இருந்த ஒரு தாழ்வான அணையை மாற்றி, கயாக் இறங்கிப் போகும்படி பாறை அடுக்கி 2017-ல் திறந்தார்கள். ஆள் கொல்லும் இடம் துடுப்புக்காரர்கள் தேடி வரும் இடமாகிவிட்டது. துடுப்புப் படகுகளின் கட்டணத்தில் பாதியாவது இதற்கென்று எழுதி வைத்தால் யார் எதிர்ப்பார்கள்?

---

தேன்மொழி_இல்லினாய்

எழுதி வைத்தால் நானே எதிர்க்க மாட்டேன். எழுதி வைக்காமல் "படகுப் பாதுகாப்பு நிதி" என்ற பெரிய குடத்தில் ஊற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். அந்த நிதியில் ரோந்துப் படகு வாங்கலாம், துறைமுகத்தைத் தூர் வாரலாம், எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் முழங்கால் ஆழத்தில் போகிற என் கனூவுக்கு அதில் என்ன இருக்கிறது?

---

சட்டப்படிப்பாளி

மாநிலங்களுக்குப் பதிவு ஏன் இனிக்கிறது என்பதற்கு இன்னொரு காரணம். கூட்டரசு கொடுக்கும் படகுப் பாதுகாப்பு மானியத்தை மூன்று பங்காகப் பிரிக்கிறார்கள். ஒரு பங்கு எல்லா மாநிலத்துக்கும் சமம். ஒரு பங்கு, அந்த மாநிலம் எண் கொடுத்த படகுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து. இன்னொன்று, மாநிலம் தன் கையிலிருந்து செலவழிப்பதைப் பொறுத்து. படகுகளின் தலையை எண்ணுவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். பெர்மிட்டுக்கு மாறச் சொன்னால் அதிகாரிகள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

---

மீன்பிடி_மணி

ஆரிகன் மாதிரி பெர்மிட் என்றால் எனக்குச் சம்மதம். துடுப்புக்காரர்களுக்குத் தனித் துறை வந்தால் என் டிரெய்லருக்கும் இடம் கிடைக்கும். ஆனால் ஒன்று, கயாக்கில் பேட்டரி மோட்டார் மாட்டிக்கொண்டு தூண்டில் போடுகிறவர்கள் இப்போது நிறைய. மோட்டார் ஏறிய நிமிடமே அது கூட்டரசுச் சட்டப்படி எண் வாங்க வேண்டிய படகு, எந்த மாநிலமானாலும் சரி. அதைச் சொல்லிக்கொடுங்கள், பலருக்குத் தெரியாது.

---

சயோட்டோக்கரை

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதப் போகிறேன். இலவசமாக விடுங்கள் என்று கேட்கப் போவதில்லை. மணி சகோ சொன்னது சரி, பணம் கொடுக்காதவருக்குக் கேட்கும் இடம் கிடைக்காது. ஆனால் கொடுக்கும் பணம் கொடுத்தவரின் கரையில் தெரிய வேண்டும். நான் எழுதியிருப்பது இது:

"மோட்டார் இல்லாத படகுகளுக்குப் படகுவாரியான பதிவை நீக்கி, படகுக்குப் படகு மாற்றிக்கொள்ளக்கூடிய பெர்மிட்டாக மாற்றுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார பெர்மிட்டும் இருக்கட்டும். அதில் வரும் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, தடுப்பணைகளில் எச்சரிக்கைப் பலகை, தூக்கி நடக்கும் பாதை, துடுப்புப் படகுகளுக்கான சிறு இறங்குதுறைகள், அயல் உயிரினத் தடுப்பு ஆகியவற்றுக்கு மட்டும் செலவிடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் எந்த ஆற்றில் என்ன செய்தீர்கள் என்று வெளியிடுங்கள். பெர்மிட் எடுக்கும்போதே, பெயர் எழுதும் இலவச ஸ்டிக்கரையும் கொடுங்கள்."

விட்டுப்போனது ஏதாவது உண்டா?

---

ஆற்றுக்காவல்

பலகை என்று மட்டும் எழுதாதீர்கள். அணைக்கு எவ்வளவு தூரத்துக்கு முன்னால் என்று கேளுங்கள். அணைக்குப் பக்கத்தில் வைத்த பலகையைப் படிப்பவருக்கு ஏற்கனவே நேரம் கடந்திருக்கும். நீரோட்டத்தை மீறிக் கரை ஏறப் போதிய தூரம் வேண்டும். வெள்ளக் காலத்திலும் மூழ்காத உயரத்தில் இருக்க வேண்டும்.

---

வாண்டுகளின்_அம்மா

பிள்ளைகள் விஷயத்தையும் சேருங்கள் அண்ணா. பெற்றோர் பெர்மிட் வைத்திருந்தால் கூட வரும் சிறுவர்களின் படகுக்கு வேண்டாம் என்று ஒரு வரி. இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதுதான் பெரிய வித்தியாசம். அப்புறம், விற்கும் கடையே பெர்மிட்டையும் கொடுக்கட்டும்.

---

சட்டப்படிப்பாளி

கூட்டரசு மானியம் பற்றிய கேள்விக்கு ஒரு வரி சேருங்கள்: மானியத்தின் மூன்றாவது பங்கு மாநிலம் செலவழிப்பதைப் பார்க்கிறது, பெர்மிட் பணத்தைப் பாதுகாப்பு வேலைக்குச் செலவிட்டால் அதையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று சம்பந்தப்பட்ட அரசுத் துறையிடம் கேட்டுச் சொல்லும்படி. கேள்வியாகவே வையுங்கள். அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

---

சயோட்டோக்கரை

மூன்றையும் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை அனுப்புகிறேன். ஓஹையோவில் இருப்பவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதே வாசகத்தை அனுப்பலாம், மாற்றி எழுதினாலும் சரி. உங்கள் ஊர்ப்பக்கம் பலகை இல்லாத தடுப்பணை எது என்று தெரிந்தால் ஆற்றின் பெயரையும் அருகிலுள்ள பாலத்தையும் இங்கே எழுதுங்கள், கடிதத்தோடு பட்டியலாக இணைக்கிறேன். புதுப்பிப்புக் கட்டணத்தை இந்த முறை நாலு படகுக்கும் கட்டிவிட்டேன்.